செயின் செட் மாத்தினீங்களா? முன் ஸ்பிராக்கெட் கவரைக் கழற்றிப் பாருங்க

கோவை, ஈரோடு பக்கம் மலைக்கு வண்டி ஏத்துறவங்களுக்கு இது பாதி சீசன். தீபாவளிக்கு அப்புறம் ஆரம்பிச்ச ஓட்டம் இன்னும் சித்திரை வெயில் வரைக்கும் இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில சேறும் மணலும் ஏறின செயின் இப்போதான் தன் வேலையைக் காட்டும். பொங்கலுக்கு முந்தின வாரம் ஒர்க்‌ஷாப் வாசல்ல வண்டி வரிசை கட்டி நிக்கும். செயின் செட், அதாவது செயினும் அது ஓடுற முன், பின் பல்சக்கரமும் (ஸ்பிராக்கெட்), மாத்துறதுல நடந்த மோசடியும் அந்த நெரிசல்லதான்.

வண்டி 250 சிசி, 520 அளவுச் செயின். கோவையில ஒரு கடை, பேர் வேண்டாம். பில்லில் எழுதினது "ஓ ரிங் செயின் ஸ்பிராக்கெட் செட் - 1". கூலியோட சேர்த்து 5,400 ரூபாய். வண்டியை எடுக்கும்போது சொன்னது: "எல்லாமே புதுசு போட்டாச்சுங்ணா, இனி ரொம்ப நாளைக்குத் தொடவே வேண்டாமுங்க." 1,400 கிலோமீட்டருக்குள்ள ரெண்டு தடவை செயின் இறுக்க வேண்டி வந்துச்சு. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. முதல் கியர்ல வளைச்சு ஏறும்போதெல்லாம் இடதுகால் பக்கம் "டக் டக்"னு சத்தம்.

கவரைக் கழற்றினா முன் ஸ்பிராக்கெட் பழசு. பல்லெல்லாம் ஒரே பக்கம் சாஞ்சு அரிவாள் மூக்கு மாதிரி. செயின் புதுசுதான், ஆனா ஓ ரிங் இல்லாத சாதாரணச் செயின். பின் ஸ்பிராக்கெட் மட்டும் பளபளன்னு புதுசு, ஏன்னா அது ஒண்ணுதான் வெளியில தெரியும்.

முன் ஸ்பிராக்கெட் விலை மொத்த செட்டுல ரொம்பக் கம்மி. அதுக்குப் போய் ஏன் ஏமாத்துறாங்கன்னு தோணும். காசைவிட அது நேரக் கணக்கு. கவரைக் கழற்றி, உள்ளே கெட்டியாப் படிஞ்ச கிரீஸ் சேத்தைச் சுரண்டி, நட்டையோ லாக் பிளேட்டையோ விடுவிக்க அரை மணி நேரம் போகும். ஆனா மூணுல முதல்ல தேயுறது அந்தச் சின்னச் சக்கரம்தான். முன்னாடி 14 பல், பின்னாடி 42 பல்னா, பின்சக்கரம் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள அது மூணு சுத்து சுத்திடும். தேஞ்ச பல்லுல புதுச் செயினை மாட்டினா அதோட உருளை (ரோலர்) பள்ளத்துல சரியா உக்காராது. பல்லு மேல ஏறி ஏறி இறங்கும். அந்தச் சத்தமும், சீக்கிரம் தொய்ஞ்சதும் அதனாலதான்.

செயின் மோசடி இன்னும் மோசம். ஓ ரிங் செயின்ல பின்னுக்கும் (கண்ணிகளைக் கோர்க்குற ஆணி) அதைச் சுத்தியிருக்கிற புஷ்ஷுக்கும் நடுவுல கம்பெனியே கிரீஸ் வெச்சு ரப்பர் வளையத்தால மூடியிருக்கும். சாதாரணச் செயின்ல அது கிடையாது, வெளியில இருந்து ஆயில் போனாத்தான் உண்டு. 300, 400 கிலோமீட்டருக்கு ஒருதரம் போடணும். ஓ ரிங்னு நம்பி ஆயில் போடுறதைத் தள்ளிப்போட்டா, உள்ளே காஞ்சு தேஞ்சுக்கிட்டே இருக்கும். தேயத் தேயச் செயின் நீளும், ஸ்கேலை வெச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்: 520 செயின்ல 21 பின்னை எண்ணி, முதல் பின் நடுவுல இருந்து கடைசிப் பின் நடு வரைக்கும் அளந்தா புதுசுல 317.5 மில்லிமீட்டர். இந்த வண்டியில 320 இருந்துச்சு. 428 செயின்னா அதே அளவு 254. தெருவுக்குத் தெரு லேத் பட்டறை இருக்கிற ஊர்ல பல்சக்கரத்துல ஏமாறுறது கொஞ்சம் கேவலம்தான்.

வண்டியை விடுறதுக்கு முன்னாடியே பழைய ஸ்பிராக்கெட் ரெண்டுலயும் பெயின்ட் மார்க்கர்ல ஒரு புள்ளி வெச்சு, கவரைத் திறந்து போட்டோ எடுத்துக்குங்க. செட் டப்பாவைக் கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க. செயினை மேல இருந்து பார்த்தா வெளித் தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவுல ரப்பர் வளையத்தோட விளிம்பு தெரியணும். வெறும் இடைவெளின்னா அது சாதாரணச் செயின். இணைப்புக் கண்ணியோட நாலு ரப்பர் வளையம் தனியா வரும், அதையும் எண்ணிக்குங்க. அந்தக் கண்ணியைக் கிளிப் போட்டுப் பூட்டுற வகைன்னா (கிளிப் லாக்), கிளிப்போட மூடின முனை செயின் ஓடுற திசையைப் பார்க்கணும்: கண்ணி மேல்பக்கம் இருக்கும்போது மூடின முனை வண்டி முகப்பை நோக்கி. மாத்திப் போட்டா எதுலயாவது தட்டிக் கழண்டுபோகும். ஸ்பிராக்கெட்ல பொறிச்ச பல் எண்ணிக்கையையும் பாருங்க. முன்னாடி 14 இருந்த இடத்துல 15 போட்டுட்டா, காரவள்ளியில இருந்து கொல்லிமலைக்கு 70 வளைவும் முதல் கியர்லயே திணறும்.

தொய்வு எவ்வளவுன்னு வண்டிப் புத்தகத்துல இருக்கும். ரோட்டு வண்டிகள்ல பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர், சஸ்பென்ஷன் உயரமான வண்டிக்கு இன்னும் கூட. சக்கரத்தைச் சுத்திச் சுத்தி நாலஞ்சு இடத்துல அளந்து, இறுக்கமான இடத்தைக் கணக்கா வெச்சுக்கணும். "மலைக்குப் போறீங்க, டைட்டா வெச்சிருக்கேனுங்க"ன்னு சொன்னா விடாதீங்க. ஆள் ஏறி, பின்சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்ம் அமுங்கும்போது ரெண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவுல தூரம் கூடும். ஏற்கெனவே இறுக்கின செயின் அப்போ கம்பி மாதிரி விறைச்சு, கியர்பாக்ஸ் பேரிங்கையும் ஆயில் சீலையும் இழுத்துக் கெடுக்கும். பின்னாடி டிரம் பிரேக்னா, சக்கரம் பின்னால நகர்ந்ததும் பெடல் அளவு மாறிடும். அதைச் சரிபண்ணாம திம்பம் 27 வளைவையும் இறங்குறது விஷப்பரீட்சை.

கடையில கேட்டதுக்கு வந்த பதில்: "முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சுங்ணா, அதான் மாத்தல. வேணும்னா ஒரு ஆயில் சர்வீஸ் சும்மா பண்ணித் தர்றேனுங்க." பில்லில் "செட்"னு எழுதிக் காசு வாங்கினதுக்கு இது பதில் இல்லை.

பேசித் தீராட்டி நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய்க்குள்ள இருந்தா கட்டணம் இல்லை. ஒரு விஷயம்: "மாத்தித் தர்றோம், வண்டியை விட்டுட்டுப் போங்க"ன்னா உடனே விட்டுறாதீங்க. வேற கடையில கழற்றி, அங்கேயே இந்தச் செயினையும் ஸ்பிராக்கெட்டையும் ஸ்கேல் வெச்சு போட்டோ எடுத்து, என்ன இருந்துச்சுன்னு பில்லில் எழுதி வாங்கிக்குங்க. கழற்றின சாமானை யார்கிட்டயும் கொடுக்காதீங்க.