மார்கழிப் பனியைப் படம் பிடிக்க: டேமா, ராயக்கோட்டையா, வத்தல்மலையா?

மார்கழி பிறந்ததும் எங்க பக்கத்தில் கேமரா வைத்திருப்பவர்கள் பாதிப் பேர் ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் கிளம்பிவிடுகிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் இருக்கும் இடங்களை வைத்துப் பார்த்தால் அதற்கு அவசியமே இல்லை என்பது என் கட்சி. பனி நாம் லீவு போட்ட நாளைப் பார்த்து வராது. இரவெல்லாம் வண்டி ஓட்டிப் போன இடத்தில் வானம் வெளிறிக் கிடந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அரை மணி நேரத்தில் போகிற இடமென்றால் இன்று இல்லாவிட்டால் நாளை, நாளை இல்லாவிட்டால் அடுத்த வாரம். அதனால் பக்கத்தில் இருப்பதை ஒரு சௌகரியமாக மட்டும் பார்க்காமல், படத்தைத் தீர்மானிக்கும் முதல் தகுதியாகவே வைத்து இந்த இடங்களை எடை போட்டிருக்கிறேன்.

முதலில் வெளிச்சக் கணக்கு. டிசம்பர் கடைசியில் நம்ம ஊரில் சூரியன் உதிப்பது காலை 6.35 வாக்கில். பொங்கலுக்கு அப்புறம் அது 6.45 வரை தள்ளிப்போகும். உதிப்பதும் நேர் கிழக்கில் இல்லை, ஏறக்குறைய 24 டிகிரி தெற்கே சாய்ந்து. சித்திரையில் தலைக்கு நேர் மேலே நிற்கிற அதே சூரியன், டிசம்பர் கடைசியில் உச்சி வேளையிலும் 54 டிகிரிக்கு மேல் ஏறாது. அதனால் காலை ஒன்பதரை வரைக்கும், மாலை நாலு மணிக்கு மேலும் பாறையிலும் மண்ணிலும் நிழல் நீளமாக விழும். பனியே இல்லாத நாளில்கூட இந்தச் சாய்ந்த வெயில் ஒன்றுக்காகவே வெளியே போகலாம்.

அடுத்தது பனி. நம்மூரில் கிடைப்பது இரண்டு வகை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் மிச்சமிருந்து, இரவில் வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருந்தால், தரை குளிர்ந்து அதை ஒட்டியே பனி படுக்கும். ஏரிக்கரை, ஆற்றோரம், மலைகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் எல்லாம் அதற்குப் பிடித்த இடம். இன்னொன்று மலை உச்சியில் வந்து உட்காரும் மேகம். அதை நாம் பனி என்று சொன்னாலும் அதற்குள்ளே நின்றால் பத்தடிக்கு மேல் கண் போகாது. முதல் வகையை அதற்கு மேலே நின்று எடுக்க வேண்டும். இரண்டாவதை அதற்குள்ளே நின்றுதான் எடுக்க முடியும். எந்த இடம் நல்ல இடம் என்ற சண்டையில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

டேமிலிருந்து தொடங்குகிறேன். தென்பெண்ணையின் குறுக்கே 1950களில், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டி முடித்த கிருஷ்ணகிரி அணைக்கு அணைக்கட்டுப் பார்வையை விட மீன் வறுவலுக்கு வருபவர்கள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே கேமராவை எடுத்தால் படத்தில் தலைகள்தான் விழும். ஆனால் வார நாளில் விடியற்காலை அது வேறு இடம். மொத்தம் 52 அடி உயரத்துக்கு நீர் தேங்கும் அணையில் மழைக்குப் பிறகு நீர் நன்றாக நிற்கும் ஆண்டுகளில், அந்த நீர்ப்பரப்பின் மேல் இடுப்பளவு உயரத்துக்கு ஆவி எழும். இரவுக் குளிர் காற்றை விட நீர் வெதுவெதுப்பாக இருப்பதால் எழும் ஆவி அது. பரிசலில் வலை எடுக்கிறவர் அதற்குள் பாதி உடம்பு மறைந்து போவார். அந்த ஒரு காட்சிக்கு டேமை அடிக்க ஆளில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அணைக்கரையில் நின்று நீரைப் பார்த்தால் பெரும்பாலும் மேற்கு முகம். சூரியன் முதுகுக்குப் பின்னால் உதிக்கும். ஆவி முன்வெளிச்சத்தில் வெளுத்துத் தட்டையாகிவிடும். ஆவிக்குள் ஒளி ஊடுருவித் தெரிய வேண்டுமென்றால் எதிர்க்கரைக் கிராமங்களின் பக்கமாகச் சுற்றிப் போய், சூரியனைப் பார்த்து நிற்க வேண்டும். சுற்றிப் போகச் சோம்பல் என்றால் மாலையில் வாருங்கள். கரையில் நின்றபடியே நீரின் மேல் சூரியன் இறங்குவதைப் பிடிக்கலாம், ஆனால் அப்போது பனி இருக்காது. மதகு, ஷட்டர், கட்டுமானப் பகுதிகளில் கேமராவை நீட்டினால் காவலர் கூப்பிட்டுக் கேட்பார். அது நியாயம்தான். நீரோடும் பூங்காவோடும் நிறுத்திக்கொள்வது நல்லது.

ராயக்கோட்டைக்கு வருவோம். கிருஷ்ணகிரி, ஓசூர் இரண்டு ஊரிலிருந்தும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஊருக்குப் பக்கத்திலேயே ஒற்றையாக நிமிர்ந்து நிற்கும் பாறை மலை, அதன்மேல் துர்க்கம், அதாவது மலைக்கோட்டை. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791இல் திப்புவின் ஆட்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. அடுத்த ஆண்டு சீரங்கப்பட்டின ஒப்பந்தத்தில், நம்ம பகுதிக்கு அன்றைய பெயரான பாராமகால் முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. மைசூர் மேட்டு நிலத்துக்கு ஏறும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் இந்த இடத்தில் கோட்டை வைத்தார்கள். அன்று காவலாளிக்கு எந்தப் பார்வை தேவைப்பட்டதோ அதுதான் இன்று நமக்கும் தேவை. கீழே நாலாபக்கமும் பள்ளம், பள்ளத்தில் ஏரி, தக்காளி வயல், தென்னந்தோப்பு, சேலத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் போகும் ரயில் பாதை. பனி படுக்கும் நாளில் இதெல்லாம் மூடி, தென்னை உச்சிகளும் சின்னச் சின்னப் பாறைக்குன்றுகளும் மட்டும் வெளியே தெரியும்.

உச்சி வரை ஏறியாக வேண்டும் என்று நினைத்து மூச்சிரைக்க ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவசியமில்லை. பாதி உயரத்தில் படிகள் திரும்புமிடத்தில் நின்றாலே பனிக்கு மேலேதான் இருப்போம். கீழே இருக்கிற குன்றுகளும் அங்கிருந்து பெரிதாகத் தெரியும். உச்சியிலிருந்து எல்லாம் சப்பையாகிவிடும். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு ஏறவும் வேண்டாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், பாறையும் வழுக்கும். சூரியன் உதித்த அரை மணி நேரத்தில்தான் பல நாள் பனி இன்னும் கெட்டியாகும், எட்டு மணி வரை நிற்கும். ஒருமுறை ஆடு ஓட்டிவந்த பெரியவர் என் அவசரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏம்பா இப்படி ஓடற? அது எங்கயும் போயிடாது. வெயிலு ஏறுனாத்தான் கலையும். உக்காரு.”

உட்கார்ந்தால் என்ன தெரியும் என்றால், பனி கலையும் விதம். வெயில் பட்ட பக்கம் முதலில் நூல் நூலாகப் பிரியும். பிரிந்த இடத்தில் ஒரு வைக்கோல் போர், ஓர் ஓட்டுவீட்டு முகடு, அதிலிருந்து எழும் அடுப்புப் புகை. புகை நேராக மேலே போகாமல் ஓரளவுக்கு ஏறி, பிறகு கோடு கிழித்தாற்போல் பக்கவாட்டில் படரும். குளிர்ந்த காற்று கீழேயும் வெதுவெதுப்பான காற்று மேலேயும் இருப்பதால் புகைக்கு அதற்கு மேல் வழியில்லை. அந்தக் கோட்டை 200 மி.மீ. லென்ஸில் இழுத்துப் பிடித்தால் மலை அடுக்கு, புகைக்கோடு, பனி என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அகலக்கோண லென்ஸ் மட்டும் கொண்டுபோனவருக்கு ராயக்கோட்டை பாதிதான் கிடைக்கும்.

வத்தல்மலையை ஆதரிக்கிறவர்கள் தருமபுரிக்காரர்கள். ஊர்ப்பாசம் என்று ஒதுக்கிவிட முடியாது. தருமபுரியிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில், கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிந்ததும் காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் சில்வர் ஓக் மரங்களும் வருவது சின்ன விஷயமில்லை. ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை, மேகத்துக்குள் நிற்பது. மலைத்தொடர் காட்சி வேண்டும் என்று போனால் வெள்ளைத் திரைதான். கிட்டக்காட்சி எடுக்கிறவருக்கு அதே திரை வரம். பின்னணி தானாகவே மறைந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் காப்பிப் பழம் சிவந்து பறிப்புக்கு நிற்கும் நேரம். ஈரம் சொட்டும் ஒரு கொத்துப் பழம், பின்னால் மங்கலாக ஒரு மரத்தண்டு, போதும். மரங்களுக்கு நடுவே நடந்து வரும் ஆளை எடுப்பதற்கும் இதை விட நல்ல இடம் இரண்டு மாவட்டத்திலும் இல்லை. காட்சியின் விரிவுக்கு ராயக்கோட்டை, நெருக்கத்துக்கு வத்தல்மலை. ஒன்றுதான் எடுக்கலாம் என்றால் நான் ராயக்கோட்டையைத்தான் எடுப்பேன். காரணம், மேகம் இல்லாத நாளில் வத்தல்மலைக் காலை சாதாரணமாகிவிடும், துர்க்கத்துப் பாறையில் சாய்ந்த வெயில் எந்த நாளும் விழும்.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் அழகில் இரண்டையும் தூக்கிச் சாப்பிடும். அறுத்த கேழ்வரகு வயல், தார்ச்சாலையில் பரப்பி வண்டி ஏற விட்டிருக்கும் கதிர், அவரைப் பந்தல், மங்கலான தைலமரம். ஆனால் கேழ்வரகு முற்றும் அதே பருவத்தில்தான் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்குகிறது. இரவு வயலில் மேய்ந்துவிட்டு விடியும்போது காட்டுக்குத் திரும்பும். நமக்கு வேண்டிய நேரமும் அவற்றின் நேரமும் ஒன்று, நமக்கு வேண்டிய பனியில் பத்தடி தூரத்தில் நிற்பது பாறையா யானையா என்று தெரியாது. எவ்வளவு நல்ல படம் கிடைத்தாலும் அந்தப் பக்கம் முதல் வெளிச்சத்தை விட்டுவிடச் சொல்வேன். எட்டு மணிக்கு மேல், ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு, சாலையை விட்டு இறங்காமல். சாலையில் காயும் கேழ்வரகை எடுக்க அந்த நேரமே சரியானது.

ஒகேனக்கல்லைப் பலர் இந்தப் பட்டியலில் முதலில் வைப்பார்கள். பனிக்காலத்துக்கு நான் கடைசியில் வைக்கிறேன். பள்ளத்தாக்குக்குள் வெயில் நுழையவே நேரமாகும், பரிசல் ஓடத் தொடங்கும்போது வெளிச்சம் கடுமையாகிவிடும், கிருஷ்ணகிரியிலிருந்து தூரமும் அதிகம். காவிரியில் நீர் குறைந்து பாறைகளின் செதுக்கல் வெளியே தெரிவது மட்டும் இந்தப் பருவத்தின் லாபம். அதை மேகமூட்டமான நாளில் போய் எடுங்கள்.

பனியே வேண்டாம், ஊரின் அடையாளம் ஒன்று வேண்டும் என்பவருக்கு இரண்டு இடம். ஒன்று கிருஷ்ணகிரிக் கோட்டை மலை. சையத் பாஷா மலை என்றால்தான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாலை ஐந்தரைக்கு அந்தக் கருங்கல் செம்பு நிறத்துக்கு மாறுவதை மலைமேல் நின்று எடுக்க முடியாது, கீழே நின்றுதான். பழையபேட்டை வீட்டு மொட்டை மாடி ஒன்றில் தெரிந்தவர் இருந்தால் அதை விட நல்ல இடம் இல்லை. இன்னொன்று மல்லசந்திரம். பெருங்கற்காலக் கற்திட்டைகள் நூற்றுக்கும் மேல் ஒரே பாறைக்குன்றில். நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். காலை ஏழரை வெயில் பக்கவாட்டில் விழும்போது கல்லின் உளித்தழும்பும் பாசியும் தனித்தனியாகத் தெரியும். வட்டத்துளை வழியே உள்ளே ஒரு ஒளிப்பட்டை விழும் சில நிமிடங்களும் உண்டு. ஓசூர் சந்திரசூடேசுவரர் மலை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. மேலிருந்து பார்த்தால் இப்போது முழுக்கக் கட்டடம், காலையில் தெரிகிற மூட்டத்தில் புகை எவ்வளவு, பனி எவ்வளவு என்று பிரிக்க முடியாது. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் நாளில் அதைப் பனி மாதிரி எடுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கழிவு கலந்த நுரை அது. எடுப்பதானால் அதை அதுவாகவே காட்டுங்கள்.

போனா, கேமராவா என்று கேட்பார்கள். மேகத்துக்குள், அதாவது வத்தல்மலையில், போனே போதும். ஆனால் அதிலுள்ள தானியங்கி எச்டிஆரும் (வெளிச்சத்தையும் நிழலையும் சமன் செய்யும் வசதி) காட்சியைத் தெளிவாக்கும் வசதியும் பனியை ஏதோ கோளாறு என்று நினைத்துத் துடைத்துவிடும். இரண்டையும் அணைத்துவிடுங்கள். ராயக்கோட்டைக்குப் போனின் ஜூம் தாங்காது, கேமராதான். இரண்டிலும் ஒளியை முக்கால் முதல் ஒரு படி கூட்டி வையுங்கள். வெள்ளையைப் பார்த்தால் ஒளியை அளக்கும் மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சமன் தானியங்கியில் இருந்தால் விடிகாலை நீலம் காணாமல் போகும், பகல்வெளிச்ச அளவில் நிறுத்துங்கள்.

நம்ம ஊர்க் குளிருக்கு பேட்டரி செத்துப்போகும் என்று பயப்பட வேண்டியதில்லை, அதெல்லாம் இமயமலைக் கவலை. இங்கே உண்மையான தொந்தரவு லென்ஸ் மேல் படியும் பனித்துளி. டிரைபாடில் வானம் பார்த்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் கால் மணியில் முன்கண்ணாடி வியர்த்துவிடும். மூடியைப் போட்டே வையுங்கள், எடுக்கும்போது மட்டும் திறங்கள். துடைக்கப் பருத்தித் துணி ஒன்று சட்டைப்பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். டிரைபாடைத் துர்க்கத்தில் விரிக்க தொல்லியல் துறையின் அனுமதி தேவைப்படும். அது இல்லாத நாளில் கோட்டைச் சுவரில் ஏறி நிற்காமல், பக்கத்துப் பாறையில் பையை வைத்து அதன்மேல் கேமராவைக் கிடத்தினாலே 200 மி.மீ.க்குப் போதுமான பிடிப்பு கிடைக்கிறது.