விசா மெடிக்கலுக்கு முன்னால் நம்பிக்கை மையம்

இந்த முறை வேலூர் வந்ததும் பேங்க், ஆதார், பத்திர ஆபீஸ் என்று வழக்கமான அலைச்சல்தான், அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்தைப் பற்றி. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் அங்கே இலவசம்.

வளைகுடாவுக்குக் கிளம்பும் குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துப் பையன்கள் பலருக்கு வாழ்க்கையின் முதல் எச்.ஐ.வி. டெஸ்ட்டே விசா மெடிக்கலில்தான் நடக்கிறது. எனக்கும் அப்படித்தான். வரிசையில் நிற்க வைத்து ரத்தம் எடுத்தார்கள், எதற்கென்று யாரும் சொல்லவில்லை, கடைசியில் 'ஃபிட்' என்று ஒரு தாள் கையில் வந்தது. 'அன்ஃபிட்' என்று வருகிறவனுக்கும் அதே தாள்தான், அப்புறம் அவன் எங்கே போவான்?

அக்கா பையனும் இப்போது துபாய்க்கு முயற்சி செய்கிறான். "மாமா, மெடிக்கல்ல அந்த டெஸ்டும் எடுப்பாங்களாமே" என்று இழுத்தான். ஏன் கேட்கிறாய் என்று நான் தோண்டவில்லை. சரி வா, நானும் எடுத்துக்கொள்கிறேன் என்று கூட்டிப் போனேன்.

இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. போர்டு சின்னது, அதையும் ஒரு பீரோ பாதி மறைத்திருந்தது. உள்ளே பெரும்பாலும் கர்ப்பிணிப் பெண்கள் (கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தச் சோதனை உண்டு), அவர்களுக்கு நடுவில் இவன் நெளிந்துகொண்டு நின்றான். ஆனால் ஆலோசகர் அம்மா அவனைப் பார்த்ததும், "வாப்பா தம்பி, உட்காரு" என்றார். என்னிடம், "சார், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க." மாமன் என்று சொல்லியும் விடவில்லை. அந்த ஒன்றிலேயே எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி சம்மதம் இல்லாமல் சோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குத்தான் பெற்றோர் சம்மதம்.

உள்ளே என்ன பேசினார்கள் என்பது அவன் விஷயம். அவனாகச் சொன்னது, மர மாடலை வைத்து ஆணுறை போடக் காட்டினார்களாம், காது சிவந்து போச்சு மாமா என்று சிரித்தான். இன்னொன்றும் சொன்னான்: தொற்று ஏற்பட்ட உடனே சோதனையில் தெரியாதாம், மூன்று மாதம் வரை ஆகலாம், அதனால் பயப்படும்படி சமீபத்தில் ஏதாவது நடந்திருந்தால் மறுபடி வந்து பார்க்க வேண்டுமாம். விசா மெடிக்கலில் இதையெல்லாம் யார் சொல்லப் போகிறார்கள்? முடிவு அன்றைக்கே வந்தது, அதையும் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார்கள். தொற்று இருந்தால் அங்கிருந்தே எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள், மருந்தும் இலவசம். தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குப் பரவாது.

இவன் காலேஜில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கம் உண்டு, உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்று தொப்பி போட்டு ஊர்வலம் போயிருக்கிறான், டெஸ்ட் எங்கே எடுப்பது என்று மட்டும் தெரியவில்லை. இத்தனைக்கும் 1986-இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தெரியவந்ததே வேலூரில்தான். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் அவருடைய மாணவி நிர்மலா சென்னையில் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, ரயிலில் இங்கே கொண்டுவந்து சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தார். ஊர்வலம் விட்டவர்கள் இதையும் சொல்லியிருக்கலாம்.

குறை என்றால் நேரம். நாங்கள் போன மையம் மதியத்தோடு சரி, ஞாயிறு கிடையாது, கிளாஸுக்கு லீவு போடாமல் மாணவன் எப்படி வருவான்? மாலையில் இரண்டு மணி நேரம் திறந்தால் போதும்.

பிள்ளையை வெளிநாடு அனுப்பப் போகிறவர்கள் ஏஜென்டுக்குப் பணம் கட்டும் முன்பே அவனை இங்கே அனுப்புங்கள், கூடவே உள்ளே போகாதீர்கள். பக்கத்தில் மையம் எங்கே என்று தெரியாவிட்டால் 1097-க்குப் போன் செய்யலாம், கட்டணம் இல்லை.