டபிள்யூ.டி-40: நாற்பதாவது கலவை எதற்கு உதவும், எதற்கு உதவாது?

கடற்கரையை ஒட்டிய ஊர்களில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இரும்பு ஓயாத செலவு. உப்புக் காற்று வாசல் கதவின் கீலில் தொடங்கி, தாழ்ப்பாள், மோட்டார் அறைப் பூட்டு, சைக்கிள் நட்டு என ஒவ்வொன்றையும் இறுக்கிவிடும். இதற்கு ஹார்டுவேர் கடைகளில் எடுத்துத் தரும் நீலமும் மஞ்சளுமான குப்பிதான் டபிள்யூ.டி-40. வீட்டில் தொடர்ந்து பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இதன் பிறப்பைத் தெரிந்துகொள்ளாமல் இதை மதிப்பிடுவது கடினம். 1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மூன்றே பேர் பணியாற்றிய ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சிறு நிறுவனம், விண்வெளித் துறைக்காகத் துருத் தடுப்புக் கலவை ஒன்றை உருவாக்க முனைந்தது. உலோகத்தின் மேற்பரப்பிலிருந்து நீரை விலக்குவதே நோக்கம். நாற்பதாவது முயற்சியில்தான் கலவை தேறியது. 'வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்' (நீரை விலக்குதல்), நாற்பதாவது கலவை என்று ஆய்வகக் குறிப்பேட்டில் அதற்கு இடப்பட்டிருந்த அடையாளமே டபிள்யூ.டி-40 என்ற சுருக்கத்தில் பொருளின் பெயராக நிலைத்துவிட்டது. அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய எஃகு உறையைத் துருவிலிருந்து காக்க முதலில் பயன்பட்ட இக்கலவையைத் தொழிலாளர்கள் வீட்டுக்கும் எடுத்துச் செல்லத் தொடங்கவே, 1958இல் அது தெளிப்புக் குப்பியாகக் கடைகளுக்கு வந்தது.

இக்கதையை விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. தேறாத கலவைகளுக்கும் எண்ணிட்டுக் குறித்து வைத்ததும், எல்லாவற்றையும் நீர் விலகுகிறதா என்ற ஒரே சோதனைக்கு உட்படுத்தியதுமே அந்தத் தோல்விகளைப் பயனுள்ளவையாக்கின என்று நினைக்கிறேன். அந்த ஒரு வேலைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கலவையை, எல்லா வேலைக்குமான எண்ணெயாக எண்ணி வாங்குபவர்களே பிறகு குறை சொல்கிறார்கள்.

அதற்குரிய வேலையில் இதன் திறமை மெச்சத்தக்கது. எங்கள் வாசல் கதவின் கீழ்க்கீலில் ஸ்பேனருக்கு அசையாத போல்ட் ஒன்றின் மீது தெளித்துவிட்டுச் சற்று நேரம் விட்டபோது, மறையின் இடுக்கிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் துரு இளகி வழிந்தது; மறுபடி தெளித்து ஸ்பேனரைப் போட்டதும், ஒரு முனகலோடு போல்ட் சுழன்றது. மழையில் நனைந்த பூட்டுக்கும், எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டிய ஸ்டிக்கரின் பசைக்கும் இது கைகொடுக்கிறது. பாத்திரத்தைப் பிறகு சோப்பு போட்டு நன்றாகக் கழுவ வேண்டும்.

கீலின் கிறீச்சொலி அடங்கினாலும் அது நீடிப்பதில்லை. கலவையின் பெரும்பகுதி ஆவியாகி, மெல்லிய படலம் மட்டுமே மிஞ்சுவதால், சில வாரங்களில் ஒலி திரும்பிவிடுகிறது. துருவை இளக்கித் துடைத்த பிறகு, தையல் இயந்திர எண்ணெயோ கிரீஸோ இடுவதுதான் சரியான முறை; சைக்கிள் சங்கிலிக்கும் அதுவே பொருந்தும். நம் வீடுகளில் கீலுக்கு விடும் தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகித் தூசியைச் சேர்க்கிறது என்பதால் அதையும் பரிந்துரைக்க மாட்டேன். பிரேக்கின் மீது டபிள்யூ.டி-40ஐத் தெளிக்கவே கூடாது. எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பருகிலும் வேண்டாம். நெடியும் சற்றுக் கடுமைதான்.

சிறு குப்பியோடு வரும் மெல்லிய சிவப்புக் குழாய் தொலைந்துபோவது பயனர்களின் நெடுநாளைய புகார். அதற்கு விடையாகவே, மடக்கி நிமிர்த்தும் குழாயை மூடியோடு இணைத்த குப்பியை நிறுவனம் பின்னர் கொண்டுவந்தது. அந்நிறுவனத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்த கேரி ரிட்ஜ், ஊழியர்களின் தவறுகளைக் கற்றல் தருணங்கள் என்றே அழைக்கச் செய்தவர். நிர்வாகிகளின் இத்தகைய சொல்லாட்சிகளை நான் பொதுவாக ஐயத்தோடு பார்ப்பவன் என்றாலும், இந்தக் குழாய் விஷயத்தில் குறையைக் காதில் வாங்கியிருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியவில்லை.

தையல் இயந்திர எண்ணெயோடு ஒப்பிட்டால் விலை மிகுதி. ஆண்டுக்கு இரண்டொரு பூட்டை மட்டும் கவனிக்க வேண்டிய வீட்டுக்குச் சிறு குப்பியே போதும். மோட்டார், சைக்கிள், இரும்புக் கதவு என எல்லாம் உள்ள கடலோர வீட்டுக்காரர்கள் குழாய் இணைந்த பெரிய குப்பியை வாங்கலாம். கூடவே ஒரு டப்பா கிரீஸும் வாங்கிக்கொள்ளுங்கள்.