புது ரிங்குக்குக் காசு வாங்கிவிட்டுப் பழைய ரிங்கை வெல்டிங் பிடித்துத் தந்தார்கள்

கொழும்பில் கிட் கார் (பாகங்களைச் சேர்த்துத் தாங்களே கட்டுகிற கார்) கட்டுகிறவர்கள், பின்பக்க ட்ரம் பிரேக்கை டிஸ்க் பிரேக்குக்கு மாற்றப் பின் அச்சு ஷாஃப்ட்டை லேத் கடையில் கொடுக்கப் போகிறவர்கள், தயவுசெய்து இதை வாசித்துவிட்டுப் போங்கள். எனக்குச் சில்லு கழன்று ஓடுகிற அளவுக்கு வந்துவிட்டது.

என்னுடையது டொயோட்டா டிஎக்ஸ் வேகனின் இன்ஜினும் பின் அச்சும் வைத்துக் கட்டுகிற இரண்டு சீட் வண்டி. இந்த அச்சில் ஷாஃப்ட்டும் சில்லு பூட்டுகிற பிளேஞ்சும் ஒரே துண்டு. பெயரிங்கோடு ஒட்டி இறுக்கமாக ஏற்றிய ஒரு இரும்பு ரிங் இருக்கும், ஷாஃப்ட் வெளியே நழுவாமல் பிடிப்பது அதுதான். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கெலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் பிளேஞ்சுக்கும் பெயரிங்குக்கும் நடுவில் உட்கார வேண்டும், அதனால் ரிங்கையும் பெயரிங்கையும் கழற்றியே ஆக வேண்டும். ஒருமுறை கழற்றிய ரிங்கின் துளை விரிந்துவிடும், திரும்பப் போடவே கூடாது.

பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். டிஸ்க்குக்கு ஏற்றபடி பிளேஞ்சைக் கடைவது, பிராக்கெட் வெட்டுவது, புதுப் பெயரிங் இரண்டு, புது ரிங் இரண்டு, அவற்றை அழுத்தி ஏற்றுகிற பிரஸ் வேலை எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். "அண்ணே, பயப்படாதீங்க, இது நாங்க தினமும் செய்யிற வேலை" என்றார் கடைக்காரர். நான்கு நாள் என்றது மூன்று கிழமை ஆனது. பில் கேட்டபோது முகம் மாறியது, ஆனாலும் எழுதித் தந்தார்.

வத்தளையில் மச்சானுடைய களஞ்சிய முற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். நேரே போகும்போது ஒன்றுமில்லை, இடப்பக்கம் திருப்பினால் மட்டும் இடது பின் சில்லில் கரகரவென்று சத்தம். இடப்பக்கம் திரும்பும்போது இடது சில்லு வெளிப்பக்கமாக இழுபடும், அது எனக்கு அப்போது உறைக்கவில்லை, பிரேக் பேட் உரசுகிறது என்றே நினைத்து இன்னும் நாலு சுற்றுச் சுற்றினேன். பிறகு சில்லைக் கழற்றினால் ஷாஃப்ட் 6 மில்லிமீற்றர் வெளியே வந்து டிஸ்க் போய்ப் பிராக்கெட்டில் தேய்ந்திருக்கிறது, பின் அச்சுக்குள் இருக்கிற டிஃப் ஒயில் வேறு டிஸ்க் எல்லாம் வழிந்து கிடக்கிறது. முற்றத்தில் நடந்ததால் தப்பினோம். பேஸ்லைன் வீதியில் நடந்திருந்தால் என்று நினைத்து அன்றிரவு நான் தூங்கவில்லை.

தெமட்டகொடையில் ஒரு வயதான மெக்கானிக் பாஸ் கழற்றிக் காட்டினார். இடது பக்கம் அதே பழைய ரிங். லூசாக இருந்ததால் ஷாஃப்ட்டோடு இரண்டு இடத்தில் வெல்டிங் பொட்டு வைத்திருக்கிறார்கள், இரண்டும் விட்டுவிட்டன. "தம்பி, இது சூடு காட்டிக் கடினமாக்கின இரும்பு, வெல்டிங் பட்ட இடத்திலேயே வெடிக்கும்" என்று மயிரிழை போல ஓடிய வெடிப்பைத் தொட்டுக் காட்டினார். வலது பக்க ரிங்கும் பழையது, பிரஸ்ஸில் வைத்ததும் அழுத்தம் காட்டுகிற கேஜ் முள் அசையாமலே கழன்று வந்தது. சரியாக ஏறிய ரிங் தொன் கணக்கில் அழுத்தம் கேட்கும். பெயரிங் இரண்டும்கூடப் பழையதைத்தான் கழுவிப் போட்டிருந்தார்கள்.

திரும்பக் கொண்டுபோனேன். "நீங்க வேகமா ஓட்டியிருப்பீங்க" என்றார்கள். முற்றத்தில் என்ன வேகம்? காசும் தரவில்லை, வெட்டித் தந்த பிராக்கெட்டைத் தவிர எதுவும் பாவிக்க முடியாது, வேறு டிஎக்ஸ் ஷாஃப்ட் சோடி தேடி வாங்க வேண்டியதாயிற்று.

பில் இருந்ததால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். பில்லில் "புது ரிங் 2, புதுப் பெயரிங் 2" என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள், ரிங் ஏற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், கழற்றிய பழையதையும் கையோடு வாங்கி வாருங்கள். ஏற்கெனவே செய்து முடித்தவர்கள் இன்றைக்கே சில்லைக் கழற்றி, டிஸ்க்குக்கும் பிராக்கெட்டுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். கொஞ்சம் ஓடிவிட்டு மறுபடி அளக்கும்போது மாறியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.