பெப்பரோமியா: ஐந்து வருடம் வளர்த்தவளின் புலம்பல்

போன வாரம் மதுரையிலிருந்து நாத்தனார் போன் போட்டாள். "மதினி, உங்க வீட்டுல தர்பூசணிச் செடின்னு ஒண்ணு வச்சிருக்கீங்கல்ல, அது இங்க நர்சரியில 150 ரூபாய்க்கு வந்திருச்சு. ரெண்டு வாங்கவா?" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. 2020 கடைசியில் அதே செடியை, நாலே நாலு இலையோடு, 650 ரூபாய் கொடுத்து வாங்கியவள் நான். ஊரடங்கில் ஊருக்கே தொட்டிச் செடிப் பைத்தியம் பிடித்திருந்த நேரம். "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தர்பூசணித் தோல் மாதிரி வெள்ளிக் கோடு, சிவப்புக் காம்பு, ஒரு சாண் உயரம். படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இது பெப்பரோமியா என்கிற இனத்தைச் சேர்ந்தது, அதில் ஆயிரத்துக்கும் மேல் வகை உண்டு. நான் வளர்த்துப் பார்த்தது மூன்று. கோடு போட்ட இந்த ஆர்கிரியா, தடித்த பளபள இலையோடு ஒப்டுசிஃபோலியா, இலை முழுக்கச் சுருக்கம் விழுந்த கேப்பரேட்டா. கேப்பரேட்டாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வந்தது, ஒரு கார்த்திகையைப் பார்த்தது, போய்விட்டது.

நாங்கள் இருப்பது கொடைக்கானலில், நாயுடுபுரம் பக்கம். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றினால் போதும் என்று யாரோ எங்கேயோ எழுதி வைத்ததை நம்பித்தான் ஆரம்பித்தேன். ஐப்பசியில் இங்கே மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கொடியில் போட்ட துணி நாலு நாள் காயாது. துணியே காயாத இடத்தில் சட்டி மண் எப்படிக் காயும்? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்தச் செடியிடம் எனக்கு இருக்கிற ஒரே பெரிய கோபம் இதுதான்: தாகம் எடுத்தாலும் தலையைத் தொங்கப் போடும், தண்ணீர் அதிகமானாலும் அதே மாதிரித் தொங்கப் போடும். இரண்டு எதிரெதிர் வியாதிக்கு ஒரே முகம். புளுகுணிச் செடி. குழந்தை அழுதால்கூடப் பசியா வயிற்றுவலியா என்று ஒரு மாதத்தில் பெற்றவளுக்குப் பிடிபட்டுவிடும். இதனிடம் எனக்கு ஐந்து வருடமாகியும் முழுசாகப் பிடிபடவில்லை.

முதல் செடி அப்படித்தான் போனது. ஒரு நாள் காலையில் இலையெல்லாம் சட்டி விளிம்பில் சாய்ந்து கிடந்தது. ஐயோ, காய்ந்துவிட்டதே என்று ஒரு டம்ளர் ஊற்றினேன். மறுநாள் இன்னும் சாய்ந்தது. இன்னொரு டம்ளர். மூன்றாம் நாள் ஒரு இலையைத் தூக்கிப் பார்க்கலாம் என்று தொட்டால் மொத்தச் செடியும் கையோடு வந்துவிட்டது. அடித்தண்டு அழுகிய வாழைப்பழம் மாதிரி கொழகொழவென்று இருந்தது. மண்ணைக் கொட்டிப் பார்த்தபோது இன்னொரு அதிர்ச்சி. வேரைச் சுற்றி இறுக்கமாக ஒரு வலைத்துணி, அதற்குள் தண்ணீர் சொட்டச் சொட்டத் தென்னைநார்த் தூள். நர்சரியில் நாற்று வளர்க்கச் சுற்றியதை அப்படியே விற்றிருக்கிறார்கள். புதுச் செடி வாங்குபவர்கள் முதல் வேலையாக வேர்ப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். துணி தட்டுப்பட்டால் கத்தரித்து எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது செடியைக் காப்பாற்றியது என் அப்பா. தாண்டிக்குடியில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு. கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் ஜன்னலோரம் இருந்த சட்டியைக் கையில் எடுத்தார். நடுவில் எலிவால் மாதிரி மெல்லிசாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அது பூ என்றே தெரியாது. தெரியாதது நியாயம்தான், அதில் இதழே கிடையாது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பொடிப் பொடிப் பூக்கள் அந்த வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"என்னாத்தா, இதுக்கு மிளகுச் சரம் வந்திருக்கு!" என்றார் அப்பா.

சரியாகச் சொல்லிவிட்டார். மிளகு, வெற்றிலை, திப்பிலி இருக்கிற அதே குடும்பம்தான் இது. பெயரிலேயே அந்த உறவு இருக்கிறது: கிரேக்கத்தில் பெபெரி என்றால் மிளகு, பெப்பரோமியா என்றால் மிளகு போன்றது. அந்தப் பெபெரியும் நம் நாட்டுப் பிப்பலியிலிருந்து போன சொல்தான் என்கிறார்கள். ஆக 650 ரூபாய் கொடுத்து நான் வாங்கி வைத்தது எங்கள் தோட்டத்துக் கொடிக்குத் தென்அமெரிக்கப் பங்காளி.

செடி வாடுகிற கதையைச் சொன்னேன். மழையா வெயிலா, எப்போது வாடியது என்று கேட்டார். மழையில்தான் என்றேன். "மழையில வாடுற கொடிக்கு எவனாச்சும் தண்ணி ஊத்துவானா?" என்று சிரித்தார். மிளகுக்காரர்களுக்கு இது பால பாடம். வேரில் தண்ணீர் நின்றால் காற்று போகாது, வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டே இலை தாகத்தில் வாடும். மிளகில் வாடல் நோய் வந்தால் அவர் பார்க்கிற பார்வையை என் ஜன்னல் சட்டியிலும் பார்த்தார், அவ்வளவுதான்.

அவர் சொல்லிக்கொடுத்த வழி ஒன்றுதான். தண்ணீர் ஊற்றிய அன்று சட்டியைக் கையில் தூக்கி எடையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டி காலி டப்பா மாதிரி லேசானால்தான் மறுபடி ஊற்ற வேண்டும். இலையைப் பார்க்கவே கூடாது. இந்தக் கணக்கில் எனக்குச் சித்திரையில் எட்டு நாளுக்கு ஒரு முறை, ஐப்பசி கார்த்திகையில் இருபது நாளுக்கு ஒரு முறை வருகிறது.

மண்ணையும் மாற்றினேன். தென்னைநார்த் தூள் ஒரு பங்கு, பெர்லைட் (மண் இறுகாமல் இருக்கக் கலக்கிற லேசான வெள்ளைக் கல் பொரி) ஒரு பங்கு, இஸ்திரிக் கடையில் வாங்கி உடைத்த கரி அரைப் பங்கு. சட்டி சின்ன மண்சட்டி. வேருக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருப்பதே இதற்குப் பிடிக்கிறது. மார்கழி, தையில் இரவு 8, 9 டிகிரிக்கு இறங்கும்போது ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வைத்தால் இலை கறுத்துவிடும். அந்த இரண்டு மாதமும் ஆர்கிரியாவுக்கு ஃபிரிட்ஜ் தலைதான் வீடு. குழாய்த் தண்ணீர் ஐஸாக இருக்கும், அதனால் முதல் நாளே ஒரு சொம்பு பிடித்து அடுப்படியில் வைத்துவிடுவேன். மாவுப்பூச்சி ஒரு தரம் வந்தது, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன், போய்விட்டது. பூனை ஒரு இலையைக் கடித்தது. பூனைக்கு ஒன்றும் ஆகாது, இது விஷமில்லாத செடி. எனக்குத்தான் இலை போன வருத்தம்.

இவ்வளவு திட்டிவிட்டு நல்லதைச் சொல்லாமல் போனால் பாவம். 2022 தையில் காம்பு ஒடிந்த ஒரு இலையைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. புது பிளேடால் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டுப் பக்கம் கீழே இருக்கிற மாதிரி ஈரத் தென்னைநார்த் தூளில் செருகி, பிரியாணி வந்த பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்தேன். நாற்பது நாள் ஒன்றுமே நடக்கவில்லை. மறந்தே போனேன். ஏழாவது வாரம் மூடியைத் திறந்தால், அரை இலையின் அடியில் கடுகு அளவில் பச்சையாக ஐந்தாறு முளை. பாசிப்பயறு அளவு வந்ததும் ஒவ்வொன்றிலும் வெள்ளிக் கோடு! பிள்ளை வீட்டுப்பாடம் செய்வதை விட்டுவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தான். அப்புறம் அந்த அரை இலையிலிருந்து மட்டும் நாலு சட்டி பிரித்தேன். நான்கும் தானமாகப் போயின. ஒரு எச்சரிக்கை: ஒப்டுசிஃபோலியாவில் மஞ்சள் ஓரம் போட்ட வகையை இலையில் வளர்த்தால் வெறும் பச்சையாகத்தான் வரும். அதற்குத் தண்டு வெட்டி வைக்க வேண்டும்.

ஒப்டுசிஃபோலியாவின் இலையைக் குறுக்கே வெட்டினால் அதன் வெட்டுப் பக்கத்தையும் ஒரு முறை பாருங்கள். பச்சை ஒரு மெல்லிசான வரிதான். அதற்கு மேலே கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒரு பட்டை, முழுக்கத் தண்ணீர்ச் சேமிப்பு. குடத்தைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கிற செடிக்கு நான் டம்ளர் டம்ளராக ஊற்றியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வயிற்றெரிச்சல். போன ஐப்பசி மழையில் எங்கள் காம்பவுண்டுக்குள் பழைய மரக்கிளை ஒன்று ஒடிந்து விழுந்தது. பட்டை முழுக்கப் பாசி, பாசிக்குள் குட்டிக் குட்டித் தடித்த இலைகள், கணுவுக்கு நான்காக. நடுவில் அதே எலிவால். பெப்பரோமியா டெட்ராஃபில்லா, நான்கிலை என்றே பெயர். இந்த மலைச் சோலை மரங்களில் தானாக வளர்கிறது. திண்டிகுலென்சிஸ் என்று திண்டுக்கல் பெயரிலேயே ஒரு பெப்பரோமியா பழைய தாவர நூல்களில் உண்டு. கிளையைத் தூக்கி மதில் ஓரம் சாய்த்து வைத்தேன். மாதக்கணக்கில் மழை, பனி, மேகம். ஒரு சொட்டு நான் ஊற்றியதில்லை. இன்றுவரை தலை தொங்கியதில்லை. உள்ளே ஃபிரிட்ஜ் தலையில் ராணி மாதிரி வைத்திருக்கிறதுதான் ஆட்டம் காட்டுகிறது.

சரி, நாத்தனாருக்கு என்ன சொல்ல? நேற்று ராத்திரி போன் செய்து, "வாங்காத. உங்க ஊரு சித்திரை வெயிலுக்கு அது தாங்காது, வாங்கியே ஆகணும்னா தடிச்ச இலைக்காரனை வாங்கி நிழல்ல வை" என்றேன். "அப்ப நீங்க மட்டும் ஏன் வச்சிருக்கீங்க?" என்றாள். பதில் சொல்லவில்லை. பிரியாணி டப்பாவில் இப்போது இன்னொரு அரை இலை இருக்கிறது, முளை வந்தால் தீபாவளிக்கு வரும்போது எடுத்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

காலையில் எழுந்து பார்த்தால் ஆர்கிரியா மறுபடி சாய்ந்து கிடக்கிறது. தூக்கிப் பார்த்தேன். கனமாகவும் இல்லை, லேசாகவும் இல்லை.