வேனில் ஷவர் வைக்க ₹1,40,000 கொடுத்தேன்: இந்த மாதிரிப் பட்டறைகளிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்

கோபம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று பார்த்தேன். அடங்கவில்லை. வேன் வாசலில்தான் நிற்கிறது, கதவைத் திறந்தால் குடலைப் புரட்டும் நாற்றம். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். முழு வேனுக்கும் இல்லை. குளிக்க ஒரு ஷவர், குளித்த தண்ணீர் போய்ச் சேர ஒரு டேங்க், இந்த இரண்டுக்கு மட்டும்.

பட்டறையின் பெயரைப் போடவில்லை. பஸ் பாடி கட்டுகிற இடம், இப்போது வேன்களை உள்ளேயே தங்கிப் பயணம் போகிற கேம்பராக மாற்றித் தருவதாக ரீல்ஸ் போடுகிறார்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

எப்படி நம்ப வைத்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் போனபோது முதலாளி அங்கே நின்ற இன்னொரு வேனில் என்னை ஏற்றி, ஒரு வாளித் தண்ணீரை ஷவர் ட்ரேயில் அப்படியே கவிழ்த்தார். சர்ரென்று இறங்கிவிட்டது. "பாத்தீங்களா சார்? அம்பது சீட் பஸ்ஸே கட்டுறோம், தண்ணி லைனெல்லாம் ஒரு வேலையா?" அப்பாவுக்கு முழங்கால் வலி என்றேன். உடனே மேஸ்திரியைக் கூப்பிட்டு, "பெரியவர் ஏறுறதுக்கு ஒரு கைப்பிடி போட்டுடுப்பா, காசு வேணாம்" என்றார். அந்த நிமிஷம்தான் ஜிபேயில் அட்வான்ஸ் போனது.

அவர் காட்டிய வேனில் டேங்க் சேஸிக்குக் கீழே தொங்கியது. என் வேனில்? உள்ளே, கட்டிலுக்கு அடியில், ட்ரேயின் மட்டத்துக்கே. கேட்டதற்கு, "கீழ போட்டா ஸ்பீட் பிரேக்கர்ல இடிக்கும் சார், இதான் சேஃப்." உள்ளேயும் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் ட்ரேயிலிருந்து தண்ணீரை இழுத்துத் தள்ளத் தனி பம்ப் வேண்டும், அது திரும்பி வராமலிருக்க ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும். இரண்டும் கொட்டேஷனில் இருந்தன. வேனில் இல்லை.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள், காலையில் குளித்த தண்ணீர் நுரையும் முடியுமாக, இறங்கிப்போன அதே ட்ரே ஓட்டை வழியே மேலே வந்துவிட்டது. வளைவுக்கு வளைவு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அலைந்து மெத்தை, துணி, அரிசி, அப்பாவின் மருந்துப் பை என்று ஒன்றையும் விடவில்லை.

போன் செய்தால், "வண்டிய லெவலா நிறுத்துங்க சார்." மலை ரோட்டிலா? அடுத்த முறை, "ஷாம்பு கம்மியா போடுங்க." அப்புறம் பிளம்பர் ஊருக்குப் போய்விட்டான். அப்புறம் டேங்க் கம்பெனிக்காரன் தப்பு. கடைசியில், "பில்லே இல்லாம என்ன சார் கம்ப்ளெயின்ட்?" பில் கேட்டபோது "ஜிஎஸ்டி தனியா ஆகும், உங்களுக்கு எதுக்கு அந்தச் செலவு" என்று பேச்சை மாற்றியதே அவர்தான். இப்போது வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் மட்டும் விழுகிறது.

உள்ளூர் மெக்கானிக் ஒருவரை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். பைப்புக்குச் சரிவே இல்லை, நடுவில் ஒரு இடத்தில் மேலே ஏறி இறங்குகிறது. டேங்கில் காற்று வெளியேற வென்ட் கிடையாது. நாற்றத்தைத் தடுக்க, வளைவில் தண்ணீர் தேங்கி நிற்கிற ட்ராப்பும் இல்லை, ஒரு சல்லடை மூடி மட்டும். 60 லிட்டர் டேங்க், நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 60 கிலோ. அதைப் பிடித்திருந்தது ஒயர் கட்டுகிற நாலு பிளாஸ்டிக் டேக். ட்ரேக்கு அடியில் தண்ணீர் தாங்கும் 710 மரைன் பிளைவுட் என்று சொல்லிக் காசு வாங்கினார்கள். கட்டைவிரலால் அழுத்தினேன், டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே போனது. இதற்குத்தான் ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. சுருக்கமாக: பம்ப் இல்லையென்றால் டேங்கின் தலை ட்ரேயைவிடத் தாழ இருக்க வேண்டும். பைப்புக்கு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு. ட்ரேயில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு வடிகால், வண்டி முன்னே, பின்னே, இடது, வலது எந்தப் பக்கம் சாய்ந்து நின்றாலும் ஒன்று வேலை செய்யும். சாதாரண யு ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் ஓட்டத்தில் சிந்திவிடும், ரப்பர் வால்வு வைத்த ட்ராப் கேளுங்கள். பிளையில் ஐஎஸ்ஐ முத்திரையை மூடுவதற்கு முன்பே போட்டோ எடுங்கள். வண்டியை ஒரு பக்கம் கல்லில் ஏற்றிச் சாய்த்து நிறுத்தி, டேங்க் பாதி நிறைகிற வரை தண்ணீர் விட்டுப் பார்க்காமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, அடுத்து அங்கேதான். பில் இல்லாவிட்டால் என்ன, ஜிபேயில் போன ஒவ்வொரு ரூபாயும், அவர் கைப்பட எழுதி அனுப்பிய கொட்டேஷனும் போனில் அப்படியே இருக்கின்றன.