மங்கல் ஹெட்லைட்டுக்கு எது சரி: எல்இடியா, பொலிஷா, புது செட்டா?

பழைய ஜப்பான் கார் வச்சிருக்கிற ஆக்கள் திருகோணமலையில முதல் கேக்கிறதே "எந்த எல்இடி போடலாம்" எண்டுதான். டவுனுக்குள்ள, உப்புவெளி மட்டும் ஓடுறதெண்டா எதைப் போட்டாலும் சமாளிக்கலாம். இரவில கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் ஏ6 றோட்டில போறதெண்டா கதை வேற, கரையில யானை நிக்கும், மாடு நடுறோட்டில படுத்திருக்கும். 70இல போனா கண்டு பிரேக் அடிச்சு நிக்க கிட்டத்தட்ட 55 மீட்டர் வேணும், அதுவும் காஞ்ச றோட்டில, நல்ல டயரோட. நல்ல லோ பீமே (எதிர வாறவனுக்குக் கூசாம இறக்கிவிடுற லைட்) ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் காட்டும், அப்ப மங்கல் லைட்டைப் பற்றி யோசிச்சுப் பாருங்கோ.

எல்இடி போட்ட உடனே ஆசையாத்தான் இருக்கும், பொனட்டுக்கு முன்னால பட்டப்பகல். பிரச்சினையே அதுதான். எச்4 எண்ட ஹலோஜன் பல்புக்குச் செஞ்ச ரிஃப்ளெக்டரை (வெளிச்சத்தை முன்னுக்குத் திருப்புற பளபளப்புக் கிண்ணம்), பல்புக்குள்ள இருக்கிற இழை எந்த இடத்தில நிக்குமோ அதைக் கணக்குப் பண்ணித்தான் வளைச்சிருப்பாங்கள், எல்இடி சிப்பின்ர அளவோ இடமோ கொஞ்சம் மாறினாலே வெளிச்சம் சிதறும், பாதி கிட்டத்தில கொட்டும், மிச்சம் எதிர வாறவன்ர கண்ணுக்குள்ள போகும். கிட்ட வெளிச்சம் கூடினா கண்மணி சுருங்கிடும், தூரம் இன்னும் இருட்டாத் தெரியும். இதில கனக்க மொடலுக்கு சூடு தணிக்கிற விசிறி துருத்திக்கொண்டு நிக்கிறதால பின் ரப்பர் மூடி சரியாப் பூட்டுப்படாது, எங்கட கடல் காத்து உள்ள போய் ரிஃப்ளெக்டரையே கறுப்பாக்கும். கிண்ணியா பாலத்தில எதிர அப்பிடி ஒண்டு வந்தா அருமை விளங்கும்! எச்ஐடி எண்ட செனன் பல்ப் கிட் இதைவிட மோசம். 100/90 வாட் (ஹை பீம்/லோ பீம்) ஹலோஜனும் வேணாம், 60/55க்கு போட்ட வயரும் ஹோல்டரும் உருகும்.

என்ர வோட்டு பொலிஷுக்கும் புது சாதா ஹலோஜனுக்கும்தான். பிளாஸ்டிக் லென்ஸ் மேல இருக்கிற பூச்சு வெயில்ல போனாத்தான் மஞ்சளாகுது, வோட்டர் பேப்பர் 1000, 2000, 3000 எண்டு தேச்சு, கொம்பவுண்ட் போட்டு, கடைசியா யூவி கிளியர் (வெயில் தாங்குற தெளிவான பூச்சு) அடிக்க வேணும். பற்பசை வைத்தியம் செய்யிறவங்கள் இந்தக் கிளியரை விடுறதாலதான் அது திரும்ப மஞ்சளாகுது. அதோட எஞ்சினை ஓடவிட்டு பல்ப் சொக்கெட்டில வோல்டேஜைப் பாக்கச் சொல்லுங்கோ, 5 வீதம் குறைஞ்சாலே வெளிச்சம் 15 வீதத்துக்கு மேல குறையும், கடற்கரை ஊரில எர்த் வயர் துருப்பிடிக்கிறது சாதாரணம். எர்த்தைச் சுத்தம் பண்ணி பற்றரியில இருந்து நேரா கறண்ட் குடுக்கிற ரிலே ஒண்டு போட்டா பாதி வருத்தம் தீரும்.

உள்ள ரிஃப்ளெக்டர் உரிஞ்சு போயிருந்தா பொலிஷ் வீண்காசு, செட் மாத்தத்தான் வேணும். ஜப்பான்ல இருந்து வாற பழைய ஒரிஜினல் பரவாயில்ல, அங்கயும் இடப்பக்கம்தான் ஓடுறாங்கள். வலப்பக்கம் ஓடுற நாட்டுக்குச் செஞ்ச செட் எண்டா பீம் எதிர்ப்பக்கம் ஏறும், மலிவா வந்தாலும் தொடாதீங்கோ.

எதைப் போட்டாலும் பிறகு சுவருக்கு 10 மீட்டர் தள்ளி சமதரையில நிப்பாட்டி, ட்ரைவர் சீட்டில ஆளை இருத்தி, லோ பீமின்ர மேல்கோடு லைட்டின்ர உயரத்துக்கு ஒரு 10 சென்டிமீட்டர் கீழ வாற மாதிரி ஸ்க்ரூவைத் திருப்பிக்கொள்ளுங்கோ. டிக்கி நிறையச் சாமானோட போற நாளில முன்பக்கம் தூக்கும், டாஷ்போர்டில லெவல் சில்லு இருந்தா அண்டைக்கு ஒருக்கா இறக்கிவிடுங்கோ.